இந்த உடம்போடுதான்

(உலக மூட்டுவாத நாளையொட்டி மதுரையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் மருத்துவர் அவர்களே, கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்களே, துணைக்கு வந்திருக்கும் கணவர்மார்களே, பிள்ளைகளே, மருமகள்களே! எல்லாருக்கும் மேலாக, இன்று காலை பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியாமல் பிடித்து, முந்தானைக்கு ஊக்கு குத்த முடியாமல் குத்தி, இந்த அரங்கம் வரை வந்து சேர்ந்திருக்கும் என் இனத்தவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

கை கூப்பும்போது என் உள்ளங்கைகள் இரண்டும் ஒட்டவில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒட்டாது. நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கிற இடைவெளி எப்போதும் இருக்கும். அதனால் என்ன, வணக்கம் வணக்கம்தானே?

நான் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து, மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் டாக்டர் சொல்வார். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தீராத நோய் ஒன்று வந்து உடம்பில் குடியேறிவிட்டது. போகச் சொன்னாலும் போகாது. அந்த உடம்பை என்ன செய்வது? வெறுத்துக்கொண்டே காலம் தள்ளுவதா? மறைத்து வைப்பதா? அல்லது, இதுதான் என் உடம்பு என்று ஏற்றுக்கொண்டு நடப்பதா? அப்படி ஏற்றுக்கொள்வது என்றால்தான் என்ன? இதுதான் இன்றைய பேச்சு. முடக்கத்தான் தோசையைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று யாராவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். முடக்கத்தான் தோசை சாப்பிட்டுப் பார்க்காத வாத நோயாளி தமிழ்நாட்டில் உண்டா? பக்கத்து வீட்டம்மா சொல்லியிருப்பார், பஸ்ஸில் அருகில் உட்கார்ந்தவர் சொல்லியிருப்பார், கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பிகூடச் சொல்லியிருப்பார். தோசை ருசியாகத்தான் இருக்கும். அதோடு சரி.

முதலில் நோயைப் பற்றி நாலு வார்த்தை. பாட்டி காலத்தில் சரவாங்கி என்றார்கள். இன்று முடக்குவாதம் என்கிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று இருக்கும், எங்களுக்குள் ஆர்.ஏ. என்று சுருக்கிக்கொள்வோம். வயதானால் முழங்கால் தேய்கிறதே, அது வேறு, இது வேறு. இதில் நம் நோய் எதிர்ப்பாற்றலே நம் மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது, சூடேறுகிறது, வலிக்கிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பை அரித்து விரலைக் கோணவைக்கிறது. நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. அதாவது, வீட்டிலும் வெளியிலும் கை ஓயாத வயதில்.

அதிலும் காலைதான் கொடுமை. எழுந்தவுடன் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். இளக ஒரு மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நம் வீடுகளில் வேலை குவிவது எந்த நேரத்தில்? அதே காலையில்! பால் பாக்கெட்டைக் கத்தரிக்க வேண்டும். குக்கர் மூடியைத் திருக வேண்டும். பிள்ளைக்குப் பின்னல் போட வேண்டும். தேங்காய் துருவ வேண்டும். இந்த நோய்க்கு மணி பார்க்கத் தெரியும் என்று நான் சொல்வதுண்டு.

முழுக்க ஒழித்துக்கட்டும் மருந்து இன்னும் வரவில்லை. கட்டுக்குள் வைக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆக, நமக்குக் கிடைத்திருப்பது கட்டுக்குள் இருக்கும் உடம்பு. இருபத்தைந்து வயதில் மாடிப்படி ஏறி இறங்கிய உடம்பைத் திருப்பித் தர யாராலும் ஆகாது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அந்தப் பழைய உடம்புக்காகக் காத்திருக்கிறோம். உடம்பு சரியானதும் பழநிக்குப் போகலாம். சரியானதும் தையல் மெஷினைத் தூசி தட்டி எடுக்கலாம். சரியானதும் தங்கச்சி வீட்டுக்குப் போய் நாலு நாள் இருக்கலாம். சரியானதும், சரியானதும், சரியானதும்! தங்கச்சிக்குப் பேரன் பிறந்து, அவன் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிடுவான். நாம் இன்னும் சரியாகிக்கொண்டிருப்போம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. பீரோவில் அவர் மாமியார் போட்ட வளையல்கள் இருந்தன. விரல் கணுக்கள் வீங்கிய பிறகு வளையல் உள்ளே போகவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார், பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு அதன் மேல் ஏற்றிப் பார்த்தார். கணு தாண்டவில்லை. வீக்கம் வடியட்டும் என்று பீரோவிலேயே வைத்துவிட்டார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். கை மூளியாக இருக்கிறதே என்று கல்யாணத்துக்கே போகாமல் இருந்ததும் உண்டு. ஒரு நாள் மகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆசாரியிடம் கொடுத்து, இரண்டாக வெட்டி, ஒரு பக்கம் கீலும் மறுபக்கம் திருகாணியும் வைத்து வாங்கி வந்தாள். திறந்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இவருக்குச் சந்தோஷமா? இல்லை. முதலில் அழுதார். மாமியார் போட்ட வளையலை வெட்டிவிட்டார்களே என்று அழுதார். பழைய கை இனி வராது என்று அந்த வளையல் சொல்லிவிட்டதே, அதற்கும் சேர்த்து அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த முகூர்த்தத்தில் அந்த வளையலோடுதான் வந்தார்.

அந்த அழுகை தேவை. இழந்ததற்கு அழாமல் எவரும் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை. வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து, "அழாதே, பாசிட்டிவா இரு" என்று உடனே வாயை அடைக்காதீர்கள்.

இந்தத் தலைப்பைக் கேட்டதும் உங்களில் பலருக்குத் திருமூலர் நினைவுக்கு வந்திருப்பார். முதலில் உடம்பை இழிவென்று எண்ணியிருந்தவர், அதற்குள் உறைபவனைக் கண்டபின் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். தமிழ் டீச்சர் அதைச் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள், ஆகவே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். திருமூலர் மூச்சை நிறுத்து என்றால் நிற்கும், நட என்றால் நடக்கும் உடம்பைப் பேணினார். சொன்னதைக் கேட்கிற உடம்பைப் பேணுவது பெரிய காரியமா? சொன்னதைக் கேட்காத உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று யாராவது காட்டினால் அல்லவா நமக்குப் பிடிமானம் கிடைக்கும்?

அப்படி ஒருவரைக் காட்டுகிறேன். தமிழர் இல்லை, பிரான்ஸ் நாட்டு ஓவியர். பெயர் ரெனுவார். 1841இல் பிறந்தவர். வெயிலும் நிழலும் பூவும் குழந்தைகளுமாக வண்ணத்தைக் கொட்டிய மனிதர். ஐம்பது வயதையொட்டி அவருக்கு வந்ததும் நம் நோய்தான், முடக்குவாதம். அன்றைக்கு மருந்து ஏது? குளிர் தாங்காமல் தெற்கே கான்ய்-சுர்-மேர் என்ற கடலோர ஊரில் ஆலிவ் தோப்போடு ஒரு நிலம் வாங்கிக் குடியேறினார். ஆண்டுக்கு ஆண்டு விரல்கள் உள்நோக்கி மடங்கின. நகம் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கும் என்று மெல்லிய துணியைச் சுற்றிவைத்தார்கள். பிரஷை அவராக எடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் எடுத்து விரலிடுக்கில் செருக வேண்டும். துணியைப் பார்த்துவிட்டு, பிரஷைக் கையோடு சேர்த்துக் கட்டி வரைந்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். அது உண்மை இல்லை. 1915இல் சாஷா கித்ரி என்பவர் அவரைப் படம் பிடித்திருக்கிறார். இன்றும் பார்க்கலாம். முறுக்கிக்கொண்ட அந்தக் கை ஓவியத் துணியில் எவ்வளவு விறுவிறுவென்று போகிறது தெரியுமா!

பெரிய படம் வரைய ஆசை. கையை உயரே தூக்க முடியாது, எட்டி வரைய முடியாது. என்ன செய்தார்? கையை நீட்ட முயலவில்லை. ஓவியத் துணியை இரண்டு உருளைகளில் சுற்றச் செய்தார். எந்த இடத்தில் வரைய வேண்டுமோ அந்த இடம் உருண்டு அவர் கைக்கு எதிரே வந்து நிற்கும். அவர் நாற்காலியில் இருந்த இடத்தில் இருப்பார். துணி அவரிடம் வரும்! கடைசிக் காலத்தில் வரைந்த 'குளிக்கும் பெண்கள்' படம் 160 சென்டிமீட்டர் அகலம், 110 சென்டிமீட்டர் உயரம். பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நோயாளி வரைந்த படம் என்று பக்கத்தில் எழுதி வைத்தாலும் நம்ப மாட்டீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவர் மகன் ழான் ரெனுவார் தந்தையைப் பற்றி எழுதிய நினைவுநூலில் வருவது. கல்கத்தாவுக்கு வந்து 'தி ரிவர்' படம் எடுத்தாரே, இளைஞர் சத்யஜித் ராய் இடம் காட்டக் கூடவே போனாரே, அதே ழான் ரெனுவார்தான். ஒரு மருத்துவர் வந்தாராம். உங்களை நடக்கவைக்கிறேன் என்றாராம். சில வாரம் சத்துணவும் சிகிச்சையும். ஒரு நாள் கையைப் பிடித்து எழுப்பி, விட்டுவிட்டார். ரெனுவார் நின்றார். ஓர் அடி, இன்னோர் அடி. தன் ஓவியப் பலகையைச் சுற்றி நடந்து, மறுபடி சக்கர நாற்காலிக்கு அருகே வந்தார். வீடே பூரித்து நிற்கிறது. அவரோ மருத்துவரிடம் அமைதியாகச் சொல்லிவிட்டார்: நடப்பதற்கே என் மனவலிமை முழுவதும் செலவாகிவிடுகிறது, வரைய எதுவும் மிச்சம் இருக்காது, நான் வரைவதையே வைத்துக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். நடக்க முடிந்தவர் நடக்காமல் விடலாமா, சோம்பேறித்தனம் இல்லையா என்று தோன்றும். டாக்டருக்கும் அது உறுத்தலாம். மூட்டை அசைக்காமல் விடாதே என்பதுதான் இன்றைய மருத்துவம், அது சரியும்கூட. ரெனுவாரும் சும்மா இருந்தவர் இல்லை. நடமாட முடிந்த காலத்தில் கை இளக வேண்டும் என்று தோல் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பயிற்சி செய்தவர். ஆனால் அவர் கணக்கைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தெம்பு. ஊர் மெச்ச நடப்பதா, தான் விரும்பியதைச் செய்வதா? அவர் முடிவு செய்துவிட்டார். ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இந்த முடிவைத்தான். கை கட்டி உட்கார்ந்துவிட்டவரா அவர்? 1919இல் சாகும் வரை வரைந்தவர்!

பிரான்ஸ் எதற்கு, நம் தெருவுக்கே வருவோம். மார்கழிக் கோலம் போடுவதில் பேர்போன ஓர் அம்மாள். புள்ளி வைத்தால் அளவெடுத்தது போல் நிற்கும். நோய் வந்தது. மார்கழி என்றால் குளிர், விடியற்காலை என்றால் இறுக்கம், கோலம் என்றால் குத்துக்காலிட வேண்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக நழுவ வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். முதல் வருஷம் வலியோடு போட்டார், இழை கோணியது. அடுத்த வருஷம் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த மாதம் முழுக்க வாசல் பக்கமே அவர் வரவில்லை.

பிறகு என்ன நடந்தது? விடியற்காலையில் மடங்காத விரல் சாயங்காலம் மடங்குகிறது என்பதைக் கவனித்தார். அவ்வளவுதான்! இரவு எட்டு மணிக்கு ஒரு முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தார். கோலத்தைச் சின்னதாக்கினார். வெளிச்சுற்று இழுக்க எதிர்வீட்டுச் சிறுமியை வைத்துக்கொண்டார். "முதநாள் ராத்திரியே கோலமா? சாஸ்திரத்துக்கு ஒத்து வருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "சூரியன் வரும்போது வாசல்ல கோலம் இருக்கா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார். யார் பதில் சொல்வது அதற்கு?

நானும் வகுப்பில் அப்படித்தான். தோள் தூக்க முடியாமல் போனபோது கரும்பலகையில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நான் சொல்ல அவர்கள் எழுதினார்கள். ஒற்றுப்பிழையோடு எழுதுவார்கள், வகுப்பே சேர்ந்து திருத்தும். நான் எழுதிய காலத்தைவிடப் பிள்ளைகள் இலக்கணம் நன்றாகக் கற்றார்கள் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

சரி, மருந்துக்கு வருவோம். டாக்டர் எல்லைக்குள் ஓரடி வைக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். "இது என் தலையெழுத்து, மருந்து எதற்கு?" அது ஏற்பு இல்லை ஐயா, உடம்பைத் தண்டிப்பது.

இங்கே பாதிப்பேர் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்கள். வாரம் ஒரு நாள் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள்! தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு, அதனால் காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். அதோடு டாக்டர் ஃபோலிக் ஆசிட் கொடுத்திருப்பார். இந்த இரண்டின் பின்னாலும் நம் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார் என்பது தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இளவயதில் ஸ்ப்ரூ என்கிற குடல்நோய் அவரைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்த் திரும்ப விட்டது. 1920களில் அமெரிக்கா போனார். லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியது. அந்த அமிலம் ஸ்ப்ரூ நோய்க்கே மருந்தாயிற்று! அதே குழு, அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் செய்தது. அந்த வரிசையில் பிறந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கு என்று வந்தது, பின்னாளில் குறைந்த அளவில் நமக்கும் பயன்படும் என்று கண்டார்கள். 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை. 1948இலேயே, ஐம்பத்து மூன்று வயதில் போய்விட்டார். வாரத்தில் ஒரு நாள் இந்த மாத்திரை வாய்க்குள் போகும்போது அவரை நினைக்கிறவள் நான்.

அதே 1948இல் இன்னொரு சம்பவம். அமெரிக்காவில் மேயோ கிளினிக். ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், நகர முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற புது மருந்தை ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே மூக்கில் விரல் வைத்தது. இரண்டே ஆண்டில் நோபல் பரிசு. பழைய உடம்பு திரும்பி வந்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது. பெரிய அளவில் தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்புகிறது, எலும்பு மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது. மருந்து கெட்டதா? இல்லை. இன்றும் அளவோடு, டாக்டர் கண்காணிப்பில், எத்தனையோ பேரை நிமிர்த்துவது அந்த வகை மருந்துதான். ஆனால் விலை இல்லாமல் பழைய உடம்பைக் கொடுக்க அதற்கும் முடியவில்லை.

முகம் உப்புவது என்றேனே, அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் பெண்ணுக்குக் கன்னம் இரண்டும் திரள்கிறது. கண்ணாடி பார்க்கவே கூசுகிறது. கோயில் வாசலில் சித்தி வழிமறித்து என்ன சொல்கிறார்? "இப்பத்தாண்டி பூசின மாதிரி அழகா இருக்கே! முன்னாடி குச்சியா இருந்தே!" என்ன பதில் சொல்வது? சிரித்துவிட்டு வரவேண்டியதுதான். நோய் முற்றியபோது ஒல்லி என்றார்கள், மருந்து ஏறியபோது அழகு என்றார்கள், மருந்து குறைந்ததும் இளைத்துவிட்டாய் என்று மறுபடி கவலைப்படுவார்கள். ஊர்க்கண்ணை அளவுகோலாக வைத்து உடம்பை ஏற்றுக்கொள்ளப் புறப்பட்டால் அது மாதத்துக்கொரு தடவை மாறும்.

இதற்கு நேர்மாறான வாக்கியமும் உண்டு. "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" வலிக்கு நிறம் இல்லையே, காட்டுவதற்கு! பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து, "வயசானவங்க நிக்கிறாங்க, எந்திரிம்மா" என்று அதட்டுகிறார்கள். அவள் எழுந்துவிடுகிறாள். ஏன்? விளக்கிச் சொல்வதற்கு நிற்பதே மேல் என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் பேச்சின் மறுபாதி தொடங்குகிறது. உடம்பை நான் மட்டும் ஏற்றுக்கொண்டால் போதுமா? மற்றவர்கள்?

வத்தலக்குண்டு இங்கிருந்து எவ்வளவு தூரம்? அந்த ஊரில் 1884இல் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. வ.உ.சி.யோடு 1908இல் சிறைக்குப் போனவர். 1912இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. அன்று அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. சிவா என்ன செய்தார்? அறைக்குள் ஒடுங்கினாரா? மேடை மேடையாக ஏறிப் பேசினார். அவருக்குத் தன் உடம்பைப் பற்றித் தயக்கமே இல்லை. தயங்கியது யார்? அரசாங்கம்! தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தது. அவர் நின்றாரா? கால்நடையாகப் போனார், கட்டை வண்டியில் போனார், ஊர் ஊராகப் போனார். 1925இல் பாப்பாரப்பட்டியில் உயிர் பிரியும் வரை அந்த உடம்போடுதான் போனார்.

சிவாவின் மன உறுதியை மெச்சிக் கைதட்டுகிறோம். தட்டுங்கள். ஆனால் நான் கேட்பது ரயிலைப் பற்றி. ஒரு மனிதர் தன் உடம்பை எவ்வளவு ஏற்றுக்கொண்டாலும் ரயில்பெட்டி ஏற்றிக்கொள்ளவில்லையே? சிவாவைப்போல் நடந்து போ என்று எல்லாருக்கும் சொல்வதா, பெட்டியைத் திற என்று சொல்வதா? நோயாளியின் தன்னம்பிக்கையைப் பாராட்டுவது நமக்குச் செலவில்லாத காரியம். கதவைத் திறப்பதற்குத்தான் செலவு.

2024இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதில் கிடைத்தது அது. யாருடைய முழங்காலும் மாறவில்லை. படிதான் இறங்கி வந்தது. ரெனுவாரின் துணி உருண்டு வந்ததே, அதே வேலை! மதுரைக்கும் எல்லாத் தடத்திலும் அது வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஒரு விசேஷ வீடு. பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும். மூட்டு மடங்காத மருமகள் நின்றபடி கும்பிடுகிறாள். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குக் குனியக்கூட முடியலை" என்று ஒரு குரல். தரையில் பந்தி. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. ஒரு நாற்காலி கேட்க அவள் கூசுகிறாள். பசியில்லை என்று சொல்லிவிட்டு அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். தோழர்களே, சகோதரிகளே, அந்த நாற்காலியைக் கேளுங்கள்! கூச்சப்படாமல், காரணம் சொல்லாமல், குரலைத் தாழ்த்தாமல் கேளுங்கள். கேட்கும் முன்பே போட்டுவைப்பது வீட்டாருக்கு அழகு.

பெண் பார்க்கும் பேச்சு வரும்போது நோயை மறைக்கச் சொல்லும் பெற்றோரும் இங்கே இருக்கக்கூடும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசியுங்கள். மாத்திரை டப்பாவை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஒரு பெண் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்துவாள்? அந்த வார மாத்திரையைச் சாப்பிடுகிற காலத்தில் கருத்தரிக்கக்கூடாது, பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும். கணவனுக்கே தெரியாமல் இதை எப்படிச் செய்வாள்? மறைப்பதில் அவமானம் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது.

கடைசியாக, கோபத்தைப் பற்றி. உடம்பை ஏற்றுக்கொண்டவர்கள் எப்போதும் புன்னகையோடு இருப்பார்கள் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அப்படியா? எனக்கு இன்றும் கோபம் வரும். ஜாம் பாட்டில் மூடி திறக்காவிட்டால் வரும். மழைக்கால விடியலில் கணுக்கள் கனலும்போது வரும். நோய் தணிந்து சில மாதம் நன்றாக இருந்து, திடீரென்று ஒரு நாள் மறுபடி சீறும்போது நன்றாகவே வரும். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் முடிந்தது என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற வேலையா இது? புது மூட்டு ஒன்று வீங்கும்போது மறுபடி தொடங்க வேண்டும். அன்றைக்கு அழுகை வந்தால் அழுது, திட்டத் தோன்றினால் திட்டி, வெந்நீரில் கையை வைத்து, விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பார்த்து, இன்றைக்கு இது என்ன தரும் என்று கேட்டுக்கொண்டு எழ வேண்டியதுதான். சில நாள் கோலம் வரை தரும். சில நாள் காபி டம்ளரைப் பிடிக்கிற வரைதான் தரும்.

டாக்டர் காத்திருக்கிறார், நேரமாகிறது. இந்த மேடைக்கு ஏறும் படிகளுக்குக் கைப்பிடி இல்லை என்பதை அமைப்பாளர்களிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குள் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் போகிறபோது ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள். கேள்வி இருப்பவர்கள் டாக்டரைத் தாராளமாகக் கேட்கலாம். யாரும் எழுந்து நிற்க வேண்டாம், கையை உயர்த்தவும் வேண்டாம். உட்கார்ந்தபடியே குரல் கொடுங்கள், தம்பிகள் மைக்கை உங்களிடம் கொண்டு வருவார்கள். வணக்கம்.